பிடித்துக்கொண்டு நின்றவன்

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'ஏதாவது பயனுள்ளதா பத்து நிமிஷம் பேசுங்க' என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். எனக்கு முன்னால் பேசியவர்கள் வாழ்க்கையில் உயர்வது எப்படி என்று சொன்னார்கள். நான் அவ்வளவு பெரிய விஷயத்துக்குப் போகவில்லை. சைக்கிள் டயரில் காற்று இறங்கிவிட்டால், பங்ச்சர் ஒட்டி முடிக்கிற வரைக்கும் வண்டியை எப்படிப் பிடித்துக்கொள்வது என்பதுதான் என் தலைப்பு. சிரிக்கிறீங்க. சிரிங்க. நானும் ஐம்பது வருஷமாக இதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்லி வந்திருக்கிறேன். முழுசாகச் சொன்னதில்லை. இன்றைக்கு முழுசாகச் சொல்லிவிடலாம் என்று வந்திருக்கிறேன். ஏனென்றால் இதில் சம்பந்தப்பட்ட இன்னொருத்தன் இங்கே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். பெயரைச் சொல்லக் கூடாது என்பது அவன் போட்ட நிபந்தனை.

1976-ம் வருஷம். பி.எஸ்சி. இயற்பியல், இறுதியாண்டு. அப்போது நம் கல்லூரி மதுரைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. திருநெல்வேலிக்கென்று மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது 1990-ல்தான். தேர்வுக் கட்டணத்தை அபராதத்தோடு கட்டக் கடைசி நாள் வந்துவிட்டது. பிற்பகல் மூன்று மணிக்கு அலுவலக ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். சாத்தினால் ஒரு வருஷம் போச்சு. என் கையில் பணம் இல்லை. கிருஷ்ணாபுரம் தாண்டி ஒரு கிராமத்தில் என் அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தது. மத்தியானத்துக்குள் வந்தால் பணம் தருகிறேன் என்று அத்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

பஸ்ஸை நம்பிப் போக முடியாது. மூன்றாவது வரிசைக்காரனிடம் சைக்கிள் இருந்தது. அவன் அப்பா அம்பாசமுத்திரம் பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். கடையில் ஓடி ஓடித் தேய்ந்த வண்டி ஒன்றை மகன் படிப்புக்கென்று கொடுத்து அனுப்பியிருந்தார். 'ஏலே, நானும் வாரேன், ரெண்டு பேருமா மிதிச்சா சீக்கிரம் வந்துரலாம்' என்று அவனே கிளம்பினான். அன்று மத்தியானம் அவனுக்கு ஆய்வுக்கூட வகுப்பு இருந்தது. அதை விட்டுவிட்டுத்தான் வந்தான்.

பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் போகிறோம். ஒருத்தர் மிதிக்க, ஒருத்தர் கேரியரில். போனது நல்லபடியாகப் போனது. அத்தான் பணத்தைக் கொடுத்து, அக்கா போட்ட சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து, திரும்பி வரும்போது மணி ஒன்று. கிருஷ்ணாபுரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்திருப்போம், பின் சக்கரம் தடதடவென்று ரிம்மில் உருள ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தால் உடைமுள். நம்ம சீமையில் உடைமரத்து முள்ளைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. செருப்பையே துளைக்கும், டயர் எம்மாத்திரம்?

வண்டியை எங்கே நிறுத்துவது?

இங்கேதான் என் தலைப்பு ஆரம்பிக்கிறது. பங்ச்சர் ஒட்டும் சாமான் எல்லாம் அவனிடம் இருந்தது. சைக்கிள் கடைக்காரர் மகன் இல்லையா? சீட்டுக்குப் பின்னால் தொங்கும் தோல் பையில் இரண்டு டயர் லீவர், சொல்யூஷன், உப்புத்தாள் துண்டு, பழைய ட்யூபில் வெட்டிய ஒட்டு. பாரோடு சேர்த்து ஒரு பம்பு. எல்லாம் இருந்தது, ஸ்டாண்டு மட்டும் இல்லை. அதன் ஒரு கால் முறிந்து, சணல் கயிற்றால் மட்கார்டு கம்பியோடு கட்டிக் கிடந்தது.

ஸ்டாண்டு இல்லாத சைக்கிள் தானாக நிற்காது. ஏன் நிற்காது என்று அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருப்பேன். இரண்டு சக்கரமும் தரையைத் தொடும் இடம் இரண்டே புள்ளிதான். அந்தப் புள்ளிகளைச் சேர்க்கும் கோட்டுக்கு நேர் மேலே எடையின் மையம் இருக்கும்வரை நிற்கும். ஒரு விரற்கடை விலகினாலும் சாயும். அது போதாதென்று முன் சக்கரம் வேறு தன்னிஷ்டத்துக்குத் திரும்பிக்கொள்ளும். திரும்பினால் வண்டி மடங்கி விழும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் பதினெட்டு, இருபது கிலோ இரும்பை நடு ரோட்டில் எப்படி நிறுத்துவது என்பது தெரியாது.

எனக்குத் தோன்றிய முதல் யோசனை, வண்டியைத் தலைகீழாகக் கவிழ்ப்பது. சீட்டும் ஹேண்டில் பாரும் தரையில் ஊன்ற, சக்கரங்கள் வானத்தைப் பார்க்க நிற்கும். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. ஹேண்டிலில் டைனமோ விளக்கும் மணியும் இருந்தன. கவிழ்த்தால் எடை முழுதும் அந்த விளக்குக் கண்ணாடி மேல் இறங்கும். ராடு பிரேக் கம்பிகள் வளையும். 'அப்பா கடையில வாடிக்கைக்காரங்க வண்டியைக் கவுத்த விடமாட்டாங்க' என்றான். ஹேண்டிலுக்கு இரண்டு பக்கமும் செங்கல் வைத்து, சீட்டுக்கடியில் சாக்கு மடித்துப் போட்டால் கவிழ்க்கலாம். தப்பில்லை. அந்த இடத்தில் செங்கலும் இல்லை, சாக்கும் இல்லை.

இரண்டாவது யோசனை, மரத்தில் சாய்ப்பது. சாய்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ஹேண்டிலைச் சாய்த்தால் அது திரும்பிக்கொண்டு வண்டி நழுவும். சீட்டு மரத்தில் பட வேண்டும், பின் சக்கரம் மரத்தடியை ஒட்டி இருக்க வேண்டும். ஆனால் ரோட்டோரம் இருந்த மரம் உடைமரம். எது குத்தியதோ அதன் மேலேயே போய்ச் சாய்ப்பதா? அதற்கு அந்தப் பக்கம் பனைமரங்கள் நின்றன. நடுவில் ஓடை.

மூன்றாவது, வண்டியைத் தரையில் படுக்கப் போடுவது. அவசரத்துக்கு ஆகும். இடது பக்கமாகப் படுக்க வைத்தால் செயினும் பல்சக்கரமும் மேலே வந்துவிடும், மண் ஏறாது. ஆனால் பங்ச்சர் ஒட்டுகிறவர்கள் டயரைக் கழற்றுவது செயின் இல்லாத இடது பக்கம்தான். படுக்கப் போட்டால் அந்தப் பக்கம் அடியில் போய்விடும்.

தம்பிமார்களே, இதைக் கவனித்திருக்கிறீர்களா? பழைய இந்திய சைக்கிள்களில் ஸ்டாண்டு பின் அச்சிலேயே மாட்டியிருக்கும். பின் சக்கரத்தைக் கழற்ற அச்சு நட்டைத் தளர்த்தினால் ஸ்டாண்டும் கூடவே கழன்றுவரும். அதனால்தான் நம்ம ஊர்க் கடைக்காரர் பங்ச்சருக்குச் சக்கரத்தைக் கழற்றுவதே இல்லை. வண்டியை ஸ்டாண்டில் போட்டு, பக்கத்தில் குத்தவைத்து, இடது பக்கம் டயரின் ஓரத்தை மட்டும் நெம்பி, ட்யூபை வெளியே உருவி, தண்ணீர்ச் சட்டியில் முக்கிக் குமிழி பார்ப்பார். சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்கும். பள்ளிக்கூடம் போகாத ஒருவர் எப்போதோ கண்டுபிடித்த வழி, இன்றும் அதுதான் வழி.

பாக்கி இருந்தது நாலாவது வழி. ஒரு ஆள் பிடித்துக்கொள்வது. அந்த ஆள் நான்.

எப்படிப் பிடிப்பது?

நான் வண்டியின் பக்கவாட்டில் நின்று சீட்டில் ஒரு கை, ஹேண்டிலில் ஒரு கை வைத்தேன். 'அப்படிப் புடிச்சா அஞ்சு நிமிஷத்துல கை கடுத்துரும்லே' என்று சொல்லி என்னை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். வண்டியைப் பார்த்தபடி, முன் சக்கரத்தை என் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்ளச் சொன்னான். இரண்டு கையும் ஹேண்டிலில். அப்படி நின்றால் சக்கரம் திரும்பாது, வண்டி சாயாது. அப்புறம் முக்கியமாக ஒன்று சொன்னான்:

'முன் பிரேக்கை அமுக்கிப் புடிச்சுக்கோ. நான் சொல்லுத வரைக்கும் விட்டுராத.'

வண்டி சாய்வது ஒரு ஆபத்து, உருள்வது இன்னொரு ஆபத்து. சாய்வதை எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள். உருள்வதை மறந்துவிடுவார்கள். பிரேக்கை அமுக்கிப் பிடிப்பது உருளாமல் இருக்க. தனியாக இருக்கிறவர்கள் பிரேக் பிடியைக் கைக்குட்டையாலோ ட்யூப் துண்டாலோ இறுக்கிக் கட்டிவிடலாம். இது அன்றைக்கு நான் கற்றுக்கொண்ட பாடம். கற்றுக்கொண்ட விதத்தைத்தான் இனிமேல் சொல்ல வேண்டும்.

அவன் வேலையை ஆரம்பித்தான். முதலில் எச்சிலைத் தொட்டு வால்வு வாயில் வைத்துப் பார்த்தான். அந்தக் கால வால்வில் சின்ன ரப்பர் குழாய் ஒன்று இருக்கும். அது இற்றுப்போனாலும் காற்று இறங்கும். அது தெரியாமல் டயரைப் பிரிக்கிறவர்கள் நிறையப் பேர். வால்வு சரி. பிறகு லீவரைப் போட்டு டயரை நெம்பி, ட்யூபை உருவி, கொஞ்சம் காற்றடித்து, கன்னத்தோரம் வைத்து நகர்த்திக்கொண்டே வந்தான். காது கேட்காத சன்னக் காற்றைக் கன்னம் கண்டுபிடித்துவிடும். ஓட்டை கிடைத்தது. உடனே ஒட்டவில்லை. முதலில் டயரின் உட்புறத்தில் விரலை மெதுவாக ஓட்டி, முறிந்து உள்ளே நின்ற முள் முனையைப் பிடுங்கினான். அதை எடுக்காமல் ஒட்டினால், அடுத்த மைல்கல்லில் மறுபடி பங்ச்சர்.

உப்புத்தாளால் தேய்த்தான், சொல்யூஷன் தடவினான், சும்மா உட்கார்ந்தான். 'ஒட்டுலே, மணி ஆகுது' என்று கத்தினேன். 'சொல்யூஷன் காயாம ஒட்டினா பிரிஞ்சுரும். நீ புடிச்ச புடியில நில்லு' என்றான். மூன்று மணிக்கு ஜன்னல் சாத்தப்படப் போவது எனக்கு. பதற்றம் இல்லாமல் இருந்தது அவன்.

ஒட்டு ஒட்டியது. ட்யூப் உள்ளே போனது. டயரின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ரிம்முக்குள் உட்கார வைத்தான். பாக்கி ஒரே ஒரு வேலை. தளர்ந்த செயின், நெம்பும்போது பின்னால் ஃப்ரீவீலிலிருந்து கழன்றிருந்தது. வலது பக்கம் போய், இடது கையால் கேரியரைத் தூக்கிப் பின் சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்பிக்கொண்டு, வலது கை ஆள்காட்டி விரலால் செயினைப் பல்லில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்தில் பாளையங்கோட்டைப் பக்கமிருந்து ஒரு பஸ் வந்தது.

எதிரே மாட்டு வண்டி வந்ததால் எங்களிடம் வரும்போது பஸ் ஊர்ந்தது. ஜன்னலோரத்தில் கல்லூரி முடிந்து ஊருக்குப் போகும் பெண்கள் நாலைந்து பேர். நான் பெல்பாட்டம் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையுமாக, ஓட்டை சைக்கிளின் முன் சக்கரத்தைக் காலில் இடுக்கிக்கொண்டு நிற்கிறேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் ஏதோ பஸ்ஸுக்குக் காத்து நிற்பவன் மாதிரி, அந்தச் சைக்கிளுக்கும் கீழே குத்தவைத்திருப்பவனுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி, பிரேக்கை விட்டேன். காலை விலக்கினேன். ஒரு கையால் தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டேன்.

முன் சக்கரம் மடங்கியது. வண்டி சரிந்து, பின் சக்கரம் தரையில் இறங்கிப் பின்னால் உருண்டது. சைக்கிள் முன்னே போகும்போது பெடல் சும்மா இருக்கலாம். பின்னே உருளும்போது ஃப்ரீவீல் பிடித்துக்கொள்ளும், செயினும் கூடவே ஓடும். ஓடிய செயின் அவன் விரலையும் சேர்த்துப் பல்லுக்குள் இழுத்தது.

அவன் கத்தவில்லை. 'அம்மா' என்று ஒரு சொல், அதுவும் மெதுவாக. பெடலை முன்னால் திருப்பி விரலை அவனேதான் விடுவித்துக்கொண்டான். நகம் பிளந்து, ரத்தமும் கிரீஸும் கலந்து கறுப்பாக ஓடியது. கைக்குட்டையைச் சுற்றினான். நான் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

'வண்டி வழுக்கிருச்சுலே.'

'சரி, விடு. ஏறு, மணி ரெண்டாவப் போகுது' என்றான். நான் மிதித்தேன், அவன் கேரியரில் உட்கார்ந்து கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தான். இரண்டே முக்காலுக்குக் கட்டணம் கட்டினேன். ரசீது வாங்கிக்கொண்டு திரும்பினால் அவன் அலுவலக வாசல் படியில் உட்கார்ந்து, 'கட்டியாச்சா?' என்று கேட்டான்.

பாதிக் கதை

இதுவரைக்கும் நண்பர்கள் சிலருக்குத் தெரியும். 'எங்க சைக்கிள் சவாரி' என்று நான் சொல்லிச் சிரிக்க வைக்கிற கதை. சொல்லாத பாகம் இரண்டு.

ஒன்று, வண்டி வழுக்கவில்லை. நான் விட்டேன்.

இரண்டாவது, எங்கள் விடுதியில் கேரம் விளையாட்டில் அவனை ஜெயிக்க ஆள் கிடையாது. அவன் அடி முழுதும் அந்த ஆள்காட்டி விரலில்தான். அந்த மாதக் கடைசியில் மதுரையில் கல்லூரிகளுக்கிடையே போட்டி. நம் கல்லூரிக்காக அவன் போவதாக இருந்தது. அவன் போகவில்லை. 'காய்ச்சல் சார்' என்று உடற்பயிற்சி ஆசிரியரிடம் சொல்லிவிட்டான். விரல் என்று சொன்னால் எப்படி அடிபட்டது என்று கேட்பார், என் பெயர் வரும், அதனால்தான் காய்ச்சல். அவனுக்குப் பதிலாகப் போக மாற்று ஆட்டக்காரன் ஒருத்தன் இருந்தான். அந்த மாற்று ஆட்டக்காரன் நான்தான்.

எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே மதுரைக்கு பஸ் ஏறினேன். ஜங்ஷன் வரைக்கும் அவன் வழியனுப்ப வந்தான். முதல் சுற்றிலேயே தோற்றேன் என்பது வேறு விஷயம். கலந்துகொண்டதற்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். வேலைக்கு விண்ணப்பம் போடும்போதெல்லாம் அதன் நகலை இணைத்தேன். அவன் விரல் ஆறியது, ஆனால் மேல் கணு அப்புறம் முழுதாக மடங்கவில்லை. இன்றைக்கும் மடங்காது. கேரம் பலகைப் பக்கம் அவன் அதற்குப் பிறகு வரவில்லை.

கொஞ்சம் பழைய கதை

பிறகு வேலை, குடும்பம் என்று வந்தபிறகும் பங்ச்சர் என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்கு அந்த ரோடு ஞாபகம் வரும். அதனாலோ என்னவோ, இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மாணவர்களுக்காக இரண்டு செய்தி சொல்கிறேன்.

காற்றடைத்த டயருக்கு முதலில் காப்புரிமை வாங்கியவர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், 1840-களில். அப்போது அது எடுபடவில்லை. 1887-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர வண்டி கல் ரோட்டில் குலுங்காமல் ஓட வேண்டுமென்று ரப்பர் குழாயில் காற்றடைத்துப் பார்த்தார். உலகமே அதன் பின்னால் போனது. ஆனால் டயரை ரிம்மோடு சேர்த்து ஒட்டியிருப்பார்கள். பங்ச்சர் ஆனால் பிரித்து, ஒட்டி, காயவைத்து எடுப்பதற்குள் ஒரு நாள் போய்விடும். பிரான்சில் மிஷலின் சகோதரர்கள் கழற்றி மாட்டக்கூடிய டயரைச் செய்தார்கள். 1891-ல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் சுமார் 1200 கிலோமீட்டர் பந்தயத்தில் சார்ல் தெரோன் என்ற வீரர் அந்த டயரைப் போட்டுக்கொண்டு ஓட்டி ஜெயித்தார். லீவர் போட்டு நெம்பி டயரை எடுக்க முடிகிறது என்பதே அதற்குப் பிறகு வந்த சௌகரியம்தான்.

நம்ம பக்கத்துக்கு வந்தால், 1949-ல் முருகப்பா குழுமம் இங்கிலாந்து நிறுவனத்தோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. சென்னைக்குப் பக்கத்தில் அம்பத்தூரில் சைக்கிள் செய்தார்கள். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் ஊர் ஊராக வந்தன. எங்கள் காலத்தில் கிராமத்துப் பெண் சைக்கிள் ஓட்டினால் தெருவே வேடிக்கை பார்க்கும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தது. அப்போது அங்கே மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். பிறகு 2001-ல் தொடங்கி, அரசு மேல்நிலைப் பள்ளி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுத்தது. அப்புறம் மாணவர்களுக்கும் வந்தது. இன்று காலையில் நம் கல்லூரி சைக்கிள் கொட்டகையைப் போய்ப் பார்த்தேன். பாதி வண்டி பெண் பிள்ளைகளுடையது. மனசுக்குச் சந்தோஷமாக இருந்தது.

இன்றைய வண்டிகள் வேறு. ஆனாலும் பங்ச்சர் பங்ச்சர்தான். கியர் வண்டி வைத்திருப்பவர்கள் படுக்கப் போட்டால் இடது பக்கமாகப் போடுங்கள். கியர் மாற்றும் கருவி வலது பக்கம் இருக்கிறது, வளைந்துவிடும். பின் சக்கரத்தைக் கழற்றுமுன் செயினை ஆகச் சின்னப் பல்லுக்குக் கொண்டுவாருங்கள். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் வண்டியில் சக்கரத்தைக் கழற்றி வைத்திருக்கும்போது பிரேக் பிடியை அமுக்கவே அமுக்காதீர்கள், உள்ளே பட்டைகள் ஒட்டிக்கொள்ளும். தலைகீழாக நிற்கும்போதும் அமுக்க வேண்டாம். பழுது பார்க்கும் ஸ்டாண்டு கிடைத்தால், மெல்லிய அலுமினியச் சட்டத்தைப் பிடியில் மாட்டாமல், சீட்டுக்குக் கீழே உள்ள தண்டில் மாட்டுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் நண்பனைக் கூப்பிடுங்கள். நண்பன் கையில் பிடித்திருக்கும்போது, செயின் பக்கம் விரல் வைக்கிறவர் முதலில் அவன் முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன வாரம்

இந்தப் பேச்சுக்கு அனுமதி கேட்டுப் போன வாரம் அவனுக்கு போன் பண்ணினேன். அவன் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அவன் பள்ளிக்கு இலவச சைக்கிள் வந்த புதிதில், சாயங்காலம் பிள்ளைகளை உட்கார வைத்து பங்ச்சர் ஒட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அதையும் அன்றைக்குத்தான் சொன்னான். 'ரெண்டு ரெண்டு பேராத்தான் உக்கார வைப்பேன். ஒருத்தி ஒட்டணும், ஒருத்தி புடிக்கணும். அப்புறம் மாத்தணும். புடிக்கதுக்கும் மார்க் உண்டுன்னு சொல்லிருவேன்' என்றான்.

எனக்குத் தொண்டை அடைத்தது. 'ஒரு விஷயம் உன்கிட்ட ஐம்பது வருஷமா சொல்லலை. அன்னைக்கு வண்டி வழுக்கலை. பஸ் வந்துச்சு, நான்தான் விட்டுட்டேன்' என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சிரித்தான். 'அந்த பஸ்ஸை நானும் பார்த்தேன்லே. நீ தலை சீவினதையும் பார்த்தேன்' என்றான்.

'ஏன்லே அப்பவே கேக்கலை?' என்றேன்.

'கேட்டிருந்தா மூணு மணிக்குள்ள போயிருப்போமா?' என்றான்.

அவ்வளவுதான். அவன் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் இந்த மேடையில் நின்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்கு நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதற்காகத்தானே கையை விட்டேன்? இன்று நானூறு பேர் பார்க்கச் சொல்கிறேன். மூன்றாவது வரிசையில் இருப்பவனே, அது என் தப்பு. மதுரைக்குப் போயிருக்க வேண்டியவன் நீ.

அந்தச் சான்றிதழை இன்று கொண்டுவந்திருக்கிறேன். மதிய உணவுக்கு முன் அவனிடம் கொடுத்துவிடுவேன். அதை அவன் வைத்துக்கொள்வானோ, பஜ்ஜி மடிப்பானோ, அது அவன் பாடு.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் சைக்கிள் கொட்டகையில் ஒரு மூலை ஒதுக்கித் தாருங்கள். சுவரில் வண்டியைத் தொங்கவிட இரண்டு கொக்கி, தரையில் ஊன்றிய ஒரு ஸ்டாண்டு, சங்கிலியில் கட்டிய ஒரு பம்பு, லீவர், தண்ணீர்ச் சட்டி. செலவை நாங்கள் இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்கிறோம். அவனிடம் கேட்டுவிட்டேன். மாதம் ஒரு சனிக்கிழமை அவனே வந்து சொல்லித் தருகிறானாம். ஒட்டுவதற்கு அவன். பிடித்துக்கொள்ள நான் வருகிறேன். இந்தத் தடவை எத்தனை பஸ் போனாலும் பிரேக்கை விடமாட்டேன்.